கணக்குப் பார்த்த அம்மையார்

நாம் மிஸ்ஸி என்றழைக்கும் தாதிமார், கண்டதை எழுதி வைத்து ஏன் என்று யோசிக்க வேண்டும் என்பதைப் பாடமாக்கியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய மாது என்று அவரை எல்லோரும் அறிவர். கணக்கில் புலி என்பது சிலருக்கே தெரியும்.

1820-ம் வருஷம் மே 12-ல், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், ஆங்கிலச் செல்வர் வீட்டில் பிறந்தார். தகப்பனாரே பாடம் சொல்லிக் கொடுத்தார். தாதி வேலை அன்று இழிவாகக் கருதப்பட்டதால் வீட்டார் பல வருஷம் தடுத்தனர். 1851-ல்தான் ஜெர்மனி சென்று பயிற்சி பெற முடிந்தது.

கிரீமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கி போய்ச் சேர்ந்தார். இஸ்தான்பூலுக்கு எதிர்க்கரையில் உஸ்குதாரில், சுல்தான் மூன்றாம் சலீம் பெயர் தாங்கிய பெரிய பட்டாளக் கட்டிடத்தைத் துருக்கியர் ஆங்கிலேயருக்கு ஆஸ்பத்திரியாக விட்டிருந்தனர். துணி, உணவு, சோப்பு எல்லாவற்றுக்கும் பஞ்சம். அம்மையார் தேடிக் கொணர்ந்தார். இரவு பகல் பாராது உழைத்தார். ஆயினும் சாவு கூடிற்று. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூனில் அது நூற்றுக்கு 2 ஆயிற்று.

ஊர் திரும்பியதும் தேசமே புகழ்ந்தது. அத்துடன் ஏட்டை மூடியிருக்கலாம். அவரோ வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணருடன் அமர்ந்து மரணக் கணக்கைப் புரட்டினார். சாமான் தட்டுப்பாடும், சிப்பாய்கள் நலிந்து போய்த் தாமதமாக வந்ததுமே காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார். கணக்கு வேறு சொல்லிற்று. காயத்தைவிட நோயால் இறந்தவர்களே மிக அதிகம். யுத்தகளத்தருகே இருந்த ஆஸ்பத்திரிகளைவிடத் தாம் பணிபுரிந்த இடமே மோசம்! நஷ்டம் வந்த வருஷத்தின் பேரேட்டைப் புரட்ட நமக்கே கை வருவதில்லை. (என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) அம்மையார் அதை மறைக்காமல், 1858-ல் அறிக்கையாகவும் வர்ணப் படமாகவும் வரைந்து அதிகாரிகள் முன் வைத்தார்.

பொதுமக்கள் தந்த நிதியைக் கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதிப் பள்ளி திறக்கப்பட்டது. மாணவிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும். நோயில் படுத்திருந்த அம்மையார் அவற்றை வரவழைத்து வாசிப்பார். நோயாளி நன்றாய்த் தூங்கினாரா என்று கேட்பது வீண்; எத்தனை மணி நேரம், எப்போது எப்போது தூங்கினார் என்று கேள் என்பது அவர் எழுதிய நூலில் உள்ள போதனை. சரக்கு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பான் கடைப் பையன். எத்தனை மூட்டை என்று கேட்டால்தான் எண்ணிப் பார்ப்பான்.

கடைசிக் காலத்தில் கண் பார்வை போயிற்று. 1910 ஆகஸ்ட் 13-ல் தமது 90-ம் வயதில் காலமானார். பெரியோரை அடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தும் குடும்பத்தார் வேண்டாமென்றனர். கிராமத்துக் கல்லறையில் அவர் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்தும் இரண்டு தேதியுந்தான்.