ஜி.டி. நாயுடுவும் ஓட்டை விழுந்த பிஸ்டனும்



இந்த முறை சுவர் இதழில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதச் சொல்லி டீச்சர் என்னிடம் கொடுத்தார்கள். நான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஏன் அவரை எடுத்தேன் என்றால், அவர் பேரைச் சொல்லித்தான் எங்கள் பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். ஜி.டி. நாயுடு மூணாவதுதான் படிச்சார், அவர் பெரிய ஆள் ஆகலையா என்று கேட்பான். வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

மணல் வீசிய பையன்

ஜி.டி. நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோவைப் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாத்தியார் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடிவந்த கதையை இன்றும் சொல்வார்கள். (நம் பள்ளியில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்!) அதோடு அவர் பள்ளிப் படிப்பு முடிந்தது. தோட்டத்து வேலைக்குப் போனார். ஆனால் அங்கே சும்மா இருக்கவில்லை, தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படித்தார்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மைதான் என்று இங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி இனிமேல்தான் வருகிறது.

பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதை அவர் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அது எப்படி என்ற கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று முடிவு பண்ணினார். கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? முதல் வேலையாக ஊரைச் சுற்றியிருப்போம். அவர் அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டார். எது எதோடு சேருகிறது, எது எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்பவும் பூட்டினார். அவருடைய முதல் பள்ளிக்கூடம் அந்த வண்டிதான் என்று நான் நினைக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

அதன் பிறகு பஞ்சு வியாபாரம் செய்தார். பம்பாய்க்குப் போய் அந்த வியாபாரத்தில் பணத்தை இழந்தார். மனம் உடைந்து உட்காரவில்லை. கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் உதவி செய்ய, 1920-ஆம் ஆண்டு ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ் வளர்ந்து வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக ஆனது. யூ.எம்.எஸ். என்றால் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்.

1930-களில் ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாடுகளுக்குப் போய் வந்தார். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்து ரசாந்த் என்ற சவரக் கருவியைச் செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று அவர் செய்த பொருள்களின் பட்டியல் நீளமானது. 1937-ல் பீளமேட்டில் பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் அதுதான் என்கிறார்கள். இன்றைக்கு நம் ஊர்க் கிணற்று மேட்டிலும் போர்வெல்லிலும் ஓடுகிற மோட்டார்களில் பலவற்றில் கோயம்புத்தூர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2000 ரூபாய்தான். ஆனால் அதைத் தொடர்ந்து தயாரிக்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வராமலே போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அண்ணன் செய்த காரியம்

இப்போது அண்ணன் கதைக்கு வருகிறேன். அவன் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். எங்கள் மாமாவிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போவார், வரும்போது லீ பஜாரில் மளிகை ஏற்றி வருவார். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வேன் முக்கி முனகும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஆரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். இஞ்சினுக்கு மூச்சு பத்தலை மாமா, ஆக்சிஜன் குடுத்தா பறக்கும் என்று அண்ணன் சொன்னான்.

முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்று, பட்டறையில் சும்மா கிடந்த ஒரு பழைய மொபெட்டை எடுத்தான். முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, கேஸ் கட்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் குழாயைக் கார்புரேட்டர் வாயில் பிடித்து வால்வைத் திறந்தான். மொபெட் இதுவரை கத்தாத மாதிரி கத்தியதாம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். டக் என்று ஒரு சத்தம், புகை, இஞ்சின் நின்றுவிட்டது. அவன் புருவ முடி கருகிப்போனது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை! அலுமினியம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. மொபெட்டுக்காக அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். பெரியம்மா அன்று முழுக்க அழுதார்கள்.

நான் அந்த பிஸ்டனைப் பள்ளிக்கு எடுத்து வந்து அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் திட்டவில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கி, அணையப் போகிற ஊதுவத்தியை உள்ளே விட்டார்கள். குபீர் என்று பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தது ஆக்சிஜன். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிறதை வெறி பிடித்த மாதிரி எரிய வைக்கும் என்று விளக்கினார்கள்.

இஞ்சினும் நம்மைப் போலக் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது. காற்றில் 100-க்கு 21 பங்குதான் ஆக்சிஜன். 78 பங்கு நைட்ரஜன். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் 9000 லிட்டர் காற்று. அதாவது 1000 லிட்டர் தண்ணித் தொட்டி ஒன்பது! கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கே நம்ப முடியவில்லை, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஆக்சிஜன் கூடினால் பலம் கூடும் என்று அண்ணன் நினைத்தது தப்பில்லை. ஆனால் மூன்று விஷயம் அவனுக்குத் தெரியவில்லை.

1. எரியாத நைட்ரஜன் வீண் இல்லை. எரியும்போது வருகிற சூட்டில் பெரும் பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது. நைட்ரஜன் குறைந்தால் நெருப்பு வேகமாகவும் அதிகச் சூடாகவும் எரியும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

2. ஆக்சிஜனைக் கூட்டினால் அதே கணக்கில் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். அளவு தப்பினால் இஞ்சின் போச்சு.

3. சுத்தமான ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் எண்ணெயும் கிரீஸும் படவே கூடாது, தீப்பிடித்துவிடும். இஞ்சினிலோ எங்கே பார்த்தாலும் எண்ணெய்தான். அவன் உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

அப்படியென்றால் இஞ்சினுக்கு அதிக மூச்சு கொடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. லாரிகளின் மேல் டர்போ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அது வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். ஆக்சிஜனோடு நைட்ரஜனும் சேர்ந்தே போகும், டீசலும் அதற்கு ஏற்ற மாதிரி கூடும். இதற்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூச்சி என்ற இஞ்சினியர் 1905-லேயே காப்புரிமை வாங்கினார். தொப்பூர் ஏற்றத்தில் நம் மாமாவை முந்திக்கொண்டு போகிற லாரிகளின் ரகசியம் இதுதான்.

உங்களுக்குத் தெரியுமா?
பட்டறையில் வைத்திருக்கும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கவே 1900 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். வெறும் ஆக்சிஜனில் ஓட்டினால் நாலு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குள் சிலிண்டர் காலி!

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

இப்போது நாயுடு அவர்களிடம் திரும்பி வருவோம். மூன்றாவதோடு நின்ற அந்த மனிதர்தான் 1945-ல் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அது நடந்தது. அதற்கு முதல் முதல்வராகவும் அவரே இருந்தார். பிள்ளைகள் இஞ்சினியரிங் கற்க நான்கு வருடம் தேவையில்லை, இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றதும் பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இதைப் படித்தவுடன் அண்ணன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். படிப்பு வேண்டாம் என்று நினைப்பவர் கல்லூரி தொடங்குவாரா? வருடத்தைத்தான் குறைக்கச் சொன்னார், படிப்பை இல்லை. அவர் விட்டது பள்ளிக்கூடத்தை மட்டும்தான். மோட்டார் சைக்கிளைத் திருத்துவதற்கு முன்னால் அதைக் கழற்றி ஒவ்வொரு திருகையும் தெரிந்துகொண்டார். எங்கள் அண்ணன் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே திருத்தப் போனான். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம்தான் பிஸ்டனில் ஓட்டை.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். கோவையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக

நான் படித்ததை எல்லாம் அண்ணனிடம் சொன்னேன். முதலில் முறைத்தான். பிறகு ரொம்ப நேரம் பிஸ்டனையே உருட்டிக்கொண்டு இருந்தான். மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஐ.டி.ஐ. சேர பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். அதனால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறான். இப்போது ராத்திரி பட்டறையிலிருந்து வந்ததும் என் அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறான். நான் அவனுக்கு வேதியியல் சமன்பாடு சொல்லிக் கொடுக்கிறேன், அவன் எனக்கு கார்புரேட்டர் கழற்றச் சொல்லிக் கொடுக்கிறான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இது என்று பாட்டி கேட்டார்கள். நானும் ஒருநாள் செட்டிக்கரை இஞ்சினியரிங் காலேஜில் சேரப் போறேன் பாட்டி என்றேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு என்றார்கள்.

நம் பள்ளியிலும் எட்டாவது, ஒன்பதாவதோடு நிற்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடமும் யாராவது ஜி.டி. நாயுடு கதையைப் பாதி சொன்னால், மீதியையும் கேளுங்கள்.

ஓட்டை விழுந்த பிஸ்டன் நம் அறிவியல் ஆய்வக அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டால் காட்டுவார்கள். தொட்டும் பார்க்கலாம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி