ஒப்பில்லாதவர்னு பேர், கல்லறையில் பேரே இல்லை

கூகுள்ல ஜாக் டெம்ப்ஸின்னு டைப் பண்ணிப் பாருங்க. 1919இல் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆன அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்தான் முதல்ல வருவார். நான் சொல்லப்போறது அவரைப் பற்றி இல்லை. அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே அதே பேர்ல ரிங்கில் இறங்கிய ஒரு அயர்லாந்துக்காரரைப் பற்றி. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, டெம்ப்ஸி என்பது இவருக்குப் பிறப்பில் வந்த பேர் இல்லை.

ஜான் எட்வர்ட் கெல்லி. 1862 டிசம்பரில் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் பிறந்தார். 1840களில் வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான அயர்லாந்துக் குடும்பங்கள் கப்பலேறி அமெரிக்கா போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கெல்லியும் சின்ன வயசிலேயே அப்படிப் போனவர்தான். நியூயார்க் பக்கத்தில் புரூக்ளினில் வளர்ந்தார். மரப் பீப்பாய் செய்யும் பட்டறையில் வேலை. பலகையை வளைத்து, இரும்பு வளையம் மாட்டி, சுத்தியலால் அடித்து இறுக்கணும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைவிட நல்ல ஜிம் கிடையாது. அதே பட்டறையில் வேலை பார்த்த இன்னொரு அயர்லாந்துப் பையன் ஜாக் மெக்காலிஃப், பின்னாளில் தோல்வியே காணாத லைட்வெயிட் சாம்பியன். ஒரே பட்டறையில் இருந்து ரெண்டு சாம்பியன்!

கெல்லி முதலில் மல்யுத்தம்தான் செய்தார். 1883 வாக்கில் குத்துச்சண்டைக்கு வந்தார். ரிங்குக்காக எடுத்துக்கொண்ட பேர்தான் ஜாக் டெம்ப்ஸி.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்தக் காலத்துச் சண்டை எப்படி இருந்ததுன்னு சொல்லிடறேன். இல்லைன்னா அடுத்து வர்ற எண்கள் உங்களுக்குப் புரியாது. இன்னிக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை 12 ரவுண்டு. அப்போ பல சண்டைகளுக்கு அப்படி வரம்பே கிடையாது. ஒருத்தர் எழுந்திருக்க முடியாமல் விழும் வரைக்கும், அல்லது அவர் பக்கத்து ஆட்கள் ஈர ஸ்பாஞ்சை ரிங்குக்குள் எறிந்து தோல்வியை ஒத்துக்கொள்ளும் வரைக்கும் போகும். கையுறை இருந்தாலும் சில சண்டைகளில் அது தோலோடு ஒட்டிய மெல்லிசு உறைதான். அதோட, நியூயார்க்கில் பந்தயச் சண்டை சட்டவிரோதம். அதனால போலீஸுக்குத் தெரியாமல் கடற்கரையிலும் ஒதுக்குப்புறக் கொட்டகைகளிலும் நடத்தினார்கள்.

இந்த உலகத்தில்தான் டெம்ப்ஸி ஏறி வந்தார். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 68 கிலோவை ஒட்டி. அசுர பலம் கிடையாது. ஆனா எதிராளி கை வரும் முன்னாடியே தலையை விலக்கி, இடது கையால் குத்திவிட்டு நகர்ந்துடுவார். 1884இல் ஸ்டேட்டன் தீவில் ஜார்ஜ் ஃபுல்ஜேம்ஸை 22வது ரவுண்டில் வீழ்த்தி மிடில்வெயிட் பட்டத்தைப் பிடித்தார். இவரைத்தான் அந்த எடைப்பிரிவின் முதல் உலக சாம்பியன்னு பலர் எழுதுறாங்க. வருஷக்கணக்கில் யாராலும் ஜெயிக்க முடியலை. அதனால வந்த பட்டப்பேர்தான் நான்பரெய்ல். ஒப்பில்லாதவர்னு அர்த்தம்.

1887 டிசம்பரில் ஜானி ரீகனோடு நடந்த சண்டையை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். லாங் ஐலண்ட் கரையில் ரிங் கட்டினார்கள். சண்டை நடந்துட்டிருக்கும்போதே கடல் ஏறி வந்து ரிங்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. என்ன பண்ணாங்க தெரியுமா? மேட்ச் கேன்சல் இல்லை. ரெண்டு வீரர்களையும் பார்வையாளர்களையும் இழுவைப் படகில் ஏற்றி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வேறொரு கரையில் மறுபடி ரிங் போட்டு, பனிக்குளிரில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 45வது ரவுண்டில் டெம்ப்ஸி ஜெயித்தார். நிறுத்தறதுன்னா என்னன்னே தெரியாத ஆள்னு அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சண்டைகளில் இது ஒண்ணு.

முதல் அடி 1889 ஆகஸ்டில் விழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் லாபிளாஞ்ச் என்ற முன்னாள் மரைன் வீரரோடு மோதினார். இதே லாபிளாஞ்சை 1886இல் டெம்ப்ஸி தோற்கடித்திருந்தார். இந்தத் தடவையும் டெம்ப்ஸி கைதான் ஓங்கியிருந்தது. 32வது ரவுண்டில் லாபிளாஞ்ச் கையை நீட்டி வைத்துக்கொண்டு, குதிகாலில் சுழன்று, முழு உடம்பின் சுழற்சியோடு ஒரு அடி கொடுத்தார். நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. கை நீளம்தான் ஆரம், உடம்புதான் அச்சு. ஆரம் கூடக்கூட நுனியின் வேகம் கூடும். அந்த வேகம் தாடையில் இறங்கினால் யாரா இருந்தாலும் விழத்தான் செய்வாங்க. டெம்ப்ஸி விழுந்தார், எழவில்லை. அந்த அடி பிறகு தடை செய்யப்பட்டது. லாபிளாஞ்ச் எடை வரம்பைத் தாண்டியிருந்ததால் பட்டமும் டெம்ப்ஸியிடமே இருந்தது. ஆனா தோற்காதவர்ங்கிற பேர் போயிடுச்சு.

அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவின் பில்லி மெக்கார்த்தியை 28 ரவுண்டு ஆடி வென்றார். பழைய ஆள் திரும்பிட்டார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

1891 ஜனவரி 14. நியூ ஆர்லியன்ஸ். எதிரில் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். குதிரைக்கு லாடம் அடித்து வளர்ந்த தோள். கால்கள் ஒல்லி, மேல் உடம்பு மட்டும் ஹெவிவெயிட் மாதிரி. ஆரம்பத்திலேயே முடிவு தெரிஞ்சுபோச்சு. டெம்ப்ஸி விழுந்தார், எழுந்தார். மறுபடி விழுந்தார், மறுபடி எழுந்தார். முகமெல்லாம் ரத்தம். ஒரு கட்டத்தில் ஃபிட்ஸிம்மன்ஸே போதும், விட்டுடுங்கன்னு கேட்டுக்கொண்டதாக அந்தச் சண்டையைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. டெம்ப்ஸி மறுத்துவிட்டார். சாம்பியன் தானா விட்டுக்கொடுக்க மாட்டான்னு அவர் நினைப்பு. 13வது ரவுண்டில் எல்லாம் முடிந்தது. பட்டம் கைமாறியது. அதே ஃபிட்ஸிம்மன்ஸ் 1897இல் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தையும் பிடித்தார்.

டெம்ப்ஸிக்கு அப்போ 28 வயசு. அதுக்கப்புறம் சரிவுதான். காசநோய் வந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882இல். ஆனா அதைக் குணமாக்கும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில். நடுவில் வாழ்ந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல காற்றும்தான் வைத்தியம். டெம்ப்ஸி என்ன செய்தார் தெரியுமா? 1895 ஜனவரியில் கோனி தீவில் டாமி ரயனுக்கு எதிராக மறுபடி ரிங்கில் ஏறினார். மூணு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. நிற்கவே தெம்பில்லாத ஒரு மனுஷனை ரிங்கில் ஏற்றி, டிக்கெட் போட்டு விற்றார்கள்.

அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இறந்தார். 33 வயசு முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அங்கேயே புதைத்தார்கள். ஒப்பில்லாதவர்னு நாடே கொண்டாடிய ஆளின் கல்லறையில் பேர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. நாலு வருஷம் கழித்து, அவருடைய வக்கீல் நண்பர் ஒருவர் அந்தப் பேரில்லாத கல்லறையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். தன் பேரைப் போடாமல் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்டார். கவிதை நாடு முழுக்கப் பரவியது, பணம் சேர்ந்தது, கல் எழும்பியது. கவிதை எழுதினால் என்ன ஆகும்னு கேட்கிறவங்களுக்கு இதையும் சொல்லுங்க.

பேரும் சாகவில்லை. கொலராடோவில் டெம்ப்ஸின்னு ஒரு குடும்பம். அதில் அண்ணன் ஒருத்தர் இந்தப் பழைய சாம்பியன் நினைவாக ஜாக் டெம்ப்ஸின்னு சொல்லிக்கொண்டு சண்டை போட்டார். 1914இல் ஒருநாள் அண்ணனுக்குப் பதில் தம்பி வில்லியம் அதே பேரில் ரிங்கில் ஏறினார். அவர்தான் கூகுள்ல நீங்க பார்த்தவர்.

இந்தக் கதையை நான் முதலில் படிச்சப்போ, விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லைன்னுதான் தோணுச்சு. 45 ரவுண்டு, கடலே உள்ளே வந்தும் நிறுத்தாத மனுஷன். ஸ்டேட்டஸ் வைக்கலாம்னுகூட நினைச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்போ நியூ ஆர்லியன்ஸில் சிக்கிக்கிட்டேன். அந்த ராத்திரி நிறுத்தணும்னு வாய்விட்டுக் கேட்டவர் எதிராளி. எழுந்திரு எழுந்திருன்னு கத்த எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. ஸ்பாஞ்சை எறியும் உரிமை டெம்ப்ஸி பக்கத்து ஆட்கள் கையில்தான் இருந்தது. ஆனா சண்டை 13வது ரவுண்டு வரைக்கும் போச்சு. கோனி தீவிலும் யாரும் நீ ஏறாதேன்னு தடுத்து நிறுத்தலை.

இன்னிக்கு ரிங் ஓரத்தில் டாக்டர் இருக்கணும். வீரர் மறுத்தாலும் ரெஃபரி சண்டையை நிறுத்தலாம். நிறுத்தத் தெரியாத ஆளுக்காக வேற யாராவது நிறுத்தணும்ங்கிறது பல உயிர்களைக் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம். உங்க ஹாஸ்டல்லயும் விழுந்து விழுந்து எழுந்துட்டே இருக்கிற ஒருத்தன் இருப்பான். முடியும்டா மச்சான்னு சொல்றது ஈஸி. அடுத்த தடவை அவன் ரூம் கதவைத் தட்டி, போதும்டா, வா, டீ குடிக்கப் போலாம்னு கூப்பிட்டுப் பாருங்க.