மெசையா தந்த ஹாண்டல்

மார்கழி பிறந்துவிட்டால் நம் ரயில்வே காலனியில் இருவேறு பாட்டொலிகள் கேட்கும். விடியற்காலையில் நம்மவர் இல்லங்களிலிருந்து திருப்பாவை; அந்தி சாய்ந்தபின் லெவல் கிராசிங்குக்கு அப்பாலுள்ள தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்காகப் பாடகர் குழுவினர் ஒத்திகை பார்க்கும் ஓசை. அலுவலகம் முடிந்து திரும்புகையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நாம் அதைப் பலமுறை கேட்டதுண்டு. சொற்களின் பொருள் விளங்கவில்லை. ஆயினும் அவ்விடம் விட்டு நகர மனம் வரவில்லை. இயற்றியவர் யாவர் என விசாரித்தபோது ஹாண்டல் என்ற பெயர் கிடைத்தது. அப்பெருமகனாரின் சரிதத்தை, பிறந்த மண் விட்டு வந்து வாழும் நம் சங்கத்தார் அறிவது பொருத்தமே.

ஜார்ஜ் பிரெடரிக் ஹாண்டல் 1685-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் பிறந்தார். தந்தையார் சவரத் தொழிலும் ரண வைத்தியமும் செய்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டின் மேல்தட்டில் ஒளித்து வைத்த சிறு வாத்தியத்தில் பையன் இரவில் பழகினான் என்றொரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, கேட்க இனிக்கிறது. 18 வயதில் ஹாம்பர்க் நகரின் இசை நாடக அரங்கில் வேலைக்கமர்ந்தார். பின்னர் இத்தாலிக்குச் சென்று அந்நாட்டு ஆபெரா என்னும் இசை நாடகக் கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

1710-இல் ஹானோவர் அரசரிடம் உத்தியோகம் கிடைத்தது. அங்கிருந்து விடுப்புப் பெற்று லண்டனுக்குச் சென்றவர், மறுமுறை சென்றபோது திரும்பவேயில்லை. 1714-இல் அந்த ஹானோவர் அரசரே இங்கிலாந்தின் மன்னராக வந்து சேர்ந்தார்! விடுப்பு முடிந்தும் வேலைக்குத் திரும்பாத ஊழியரின் நிலை என்னவாகும் என்பதை நம் அலுவலக அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் ஹாண்டலுக்குத் தண்டனை வரவில்லை. மானியத் தொகை உயர்ந்தது. 1727-இல் அவர் ஆங்கிலக் குடிமகனானார். அவ்வாண்டு முடிசூட்டு விழாவுக்கு அவர் அமைத்த கோஷ்டி கானம் ஒன்று, 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் பாடப்பெற்றது.

ஆபெராவில் பெற்ற புகழ் நிலைக்கவில்லை. ஆங்கிலேயருக்குப் புரியாத இத்தாலிய மொழியில் பாட்டு. பெரும் சம்பளம் கேட்கும் பாடகர்கள். போதாக்குறைக்கு 1733-இல் போட்டிக் கம்பெனி ஒன்றும் கிளம்பிற்று. 1737-இல் பக்கவாதம் தாக்கி வலது கை செயலிழந்தது. ஆகன் நகரின் வெந்நீர் ஊற்றுகளில் நீராடிக் குணமடைந்தார். 1741-இல் அரங்கேறிய அவருடைய கடைசி ஆபெரா மூன்றே முறை நடந்து நின்றுபோயிற்று.

வேறு வழி ஒன்று அவர் கையில் முன்னரே இருந்தது. வேடமும் நடிப்புமின்றி, வேதாகமக் கதையை அந்நாட்டார் பேசும் ஆங்கிலத்திலேயே பாடுவது. ஒரட்டோரியோ என்பர், நம் கதாகாலட்சேபத்துக்குச் சற்றே நெருங்கியது. இதில் தனிப்பாடகரைவிடப் பாடகர் கூட்டத்துக்கே ஏற்றம். வந்து குடியேறிய ஊரின் மொழியையும் அவ்வூராரின் கூட்டுக் குரலையும் ஏற்றுக்கொண்ட பின்னரே ஹாண்டலுக்கு அழியாப் புகழ் கிட்டிற்று என்பது நம் எண்ணம்.

சார்லஸ் ஜென்னன்ஸ் என்பார் வேதாகமத்திலிருந்து தொகுத்தளித்த வாசகங்களுக்கு, 1741 ஆகஸ்ட் 22-இல் இசையமைக்கத் தொடங்கி செப்டம்பர் 14-இல் முடித்தார். 24 நாட்களில் 250 பக்கங்களுக்கு மேல்! அதுவே ‘மெசையா’. அதில் பாலகன் பிறப்பைக் கொண்டாடும் கோஷ்டி கானத்துக்கு, சில வாரங்கள் முன்னர்த் தாம் இத்தாலிய மொழிக் காதற்பாட்டொன்றுக்கு இட்ட மெட்டையே எடுத்தாண்டார். மெட்டு ஒன்று, சாகித்தியம் வேறு என்பது நமக்குப் புதிதன்று.

அரங்கேற்றம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1742 ஏப்ரல் 13-இல் நிகழ்ந்தது. கூட்டம் மிகும் என்றறிந்து, பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும் ஆடவர் வாள் தரியாமலும் வருமாறு முன்கூட்டியே வேண்டிக்கொண்டனர். சுமார் 700 பேர் திரண்டனர். கிடைத்த பணம் இரு மருத்துவ நிலையங்களுக்கும் கடன்பட்டுச் சிறையிலிருந்தோர்க்கும் பகிரப்பட்டது; கடனாளிகள் 142 பேர் விடுதலை பெற்றனர். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசி வேறு தெருவழியே சென்ற அனுபவம் நமக்குண்டு. ஆதலின் மெசையாவைப் பற்றி நாம் அறிந்த யாவற்றிலும் இந்த 142 பேரின் செய்தியே நெஞ்சில் ஆழப் பதிந்தது.

லண்டனில் முதலில் ஆதரவில்லை. தெய்வ விஷயத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா எனச் சிலர் முணுமுணுத்தனர். 1750 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளின் விடுதிக்கு நிதி திரட்ட ஆண்டுதோறும் பாடப்பெற்ற பின்னரே அது மக்கள் உள்ளத்தில் குடிகொண்டது. அடுத்த ஆண்டே ஹாண்டலின் கண்ணொளி மங்கிற்று. சிகிச்சைகள் பலிக்கவில்லை. முற்றிலும் பார்வையிழந்தும் ஆர்கன் வாசிப்பதை விடவில்லை. 1759 ஏப்ரல் 6-இல் மெசையாவைக் கடைசி முறையாகக் கேட்டார். 14-ஆம் நாள் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தபோது மூவாயிரம் பேர் கூடினர் என்பர்.

அவர் காலத்தில் இதனைப் பாடியது ஈஸ்டரை ஒட்டியே. முதற்பாகம் இயேசுவின் வருகையையும் பிறப்பையும் பாடுவதால், பிற்காலத்தார் கிறிஸ்துமஸுக்கு உரியதாக்கிக் கொண்டனர்.

கேட்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. நம் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். இங்கோ பெண்களில் உச்சக் குரல், தாழ்குரல், ஆண்களில் அவ்வாறே இரண்டு என நான்கு பகுதியினர். ஒரு சாரார் தொடங்கிய அடியை மற்றொரு சாரார் பின்தொடர்ந்து எடுப்பர். நான்கு தடங்களில் வரும் வண்டிகள் மோதாமல் ஒரே ஜங்ஷனில் நுழைவதுபோல் ஓரிடத்தில் யாவரும் கூடுவர். முதலில் ஆண்களின் தாழ்குரலை மட்டும் பற்றிக்கொண்டு கேட்டால் மற்றவை தாமே பிரிந்து தெரியும். ‘அல்லேலூயா’ வரும்போது கேட்போர் எழுந்து நிற்பது மரபு.

ஒத்திகை இவ்வாண்டும் நடைபெறுகிறது. கதவு திறந்தேயிருக்கும், கடைசி பெஞ்சுகளில் இடமுண்டு. சென்ற ஆண்டு நாம் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு உள்ளே சென்று அமர்ந்தோம்.