ஸ்டோக்ஸ் முதலிடம், இவர் நான்காமிடம்: கேம்பிரிட்ஜ் கணித மேதை சிவகாசியில் கூடாரம் போட்டது ஏன்?

சிவகாசின்னா பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். இந்த மூன்றும் வருவதற்கு முன்னால் சிவகாசி எப்படி இருந்தது? ரயில் கிடையாது. சுற்றிலும் கரிசல் காடு, பருத்தி, கம்பு, சோளம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ஜுனா நதி அணை இருக்கும் ஆனைக்குட்டம் பக்கமெல்லாம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் வடகோடி. அந்த நிலத்துக்கு 1854-ல் ஒரு கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி கூடாரத்தோடு வந்தார். நான்கே ஆண்டுகளில், சிவகாசியிலேயே இறந்துபோனார்.

அவர் பெயர் தாமஸ் கஜட்டன் ராக்லண்ட்.

யார் இந்த ராக்லண்ட்?

1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறுபவர்களுக்கு ராங்லர் என்று பெயர். 1841-ல் ராக்லண்ட் நான்காவது ராங்லர். அந்த ஆண்டு முதலிடம் பிடித்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு ஞாபகம் வரும், அதே ஸ்டோக்ஸ்தான்.

கல்லூரியிலேயே ஃபெல்லோ பதவியும் கிடைத்தது. ஆயுசு முழுக்கப் படித்துக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சொசைட்டியில் சேர்ந்து சென்னைக்கு வந்துவிட்டார்.

சென்னையில் என்ன வேலை?

1846-லிருந்து சி.எம்.எஸ்.ஸின் சென்னைச் செயலாளர். கணக்கு, கடிதம், கூட்டம் என்று முழுக்க ஆபீஸ் வேலை. தென்னிந்திய மிஷன் வேலைகளைக் கவனிக்க திருநெல்வேலிக்கும் போய் வந்தார். அங்கேதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது.

திருநெல்வேலியின் தெற்கே ஏற்கெனவே சபைகளும் பள்ளிகளும் நிறைய இருந்தன. மிஷனரிகளின் நேரமெல்லாம் அவற்றைப் பராமரிக்கவே சரியாகப் போனது. வடக்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டாரக் கிராமங்களுக்குப் போக ஆளே இல்லை.

ராக்லண்டின் யோசனை எளிமையானது: பங்களா வேண்டாம், நிலையான ஊர் வேண்டாம். கூடாரம் போடு, சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடந்து போய்ப் பேசு, கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடத்துக்கு நகரு. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களும் அவரோடு சேர்ந்தார்கள். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து அனுப்பின. வடதிருநெல்வேலி சுற்றுப்பயண ஊழியம் தொடங்கியது.

அவரால் முடியுமா?

நியாயமான கேள்வி. ராக்லண்டுக்கு நுரையீரல் பலவீனம். இந்திய வெயிலில் கூடார வாழ்க்கைக்கு ஒத்துவரும் உடம்பு இல்லை. சாதாரணக் கணக்குப்படி பார்த்தால், சென்னை ஆபீஸ் நாற்காலிதான் அவருக்குப் பொருத்தம்.

அவர் போட்ட கணக்கு வேறு. பலவீனத்தில்தான் தேவ பலம் முழுசாகத் தெரியும் என்பது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வரும் கருத்து. ஊழியத்துக்கு வேண்டிய தெம்பு தன் படிப்பிலிருந்தோ திறமையிலிருந்தோ வராது, கிருபையிலிருந்துதான் வரும் என்று ராக்லண்ட் நம்பினார். யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், மண்ணில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி ஒரு வசனம் உண்டு. ஊழியக்காரர் அந்த மணி மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய மையக் கருத்து. விழுந்த மணியே விளைச்சலைப் பார்ப்பதில்லை. அதனால், பலன் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை அவர் அளவுகோலாக வைக்கவில்லை.

கிருபையை நம்பினார் என்றால் உடம்பு குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அது குணமாகவே இல்லை. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வயது 43.

அப்போ, அது வீணா?

அன்றைக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகும் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், ரிசல்ட் காட்ட முடியாத புராஜெக்ட். உடம்பு சரியில்லாத மனிதர் ஏன் இப்படி அலைந்தார் என்று இப்போதும் கேட்கலாம். அவருக்கு என்ன பதில் இருந்தது என்பதற்கு அவர் வாழ்ந்த விதம்தான் சாட்சி.

ஆனால் வேலை அவரோடு நின்றுவிடவில்லை. ஃபென்னும் மெடோஸும் தமிழ் ஊழியர்களும் தொடர்ந்தார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் கிறிஸ்தவ ஊழியத்தின் மையமானது. ராக்லண்ட் இறந்து மூன்று ஆண்டுகளில், 1861-ல், பெரோன் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1922-ல் டோனாவூர் ஏமி கார்மைக்கேலும் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கிட்டத்தட்ட அதே சமயம்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று சிவகாசிக்குத் திரும்பினார்கள். ஊரின் அடையாளமே மாறியது.

ஸ்டோக்ஸின் பெயர் சமன்பாட்டில் நின்றது. ராக்லண்ட் பெயரில் சமன்பாடு எதுவும் இல்லை. அவர் கேம்பிரிட்ஜை விட்டது அதற்காகவும் இல்லை. தன் பலத்தை நம்பி வந்திருந்தால், முதல் முறை உடம்பு படுத்தியபோதே திரும்பிப் போயிருப்பார். அவர் கடைசிவரை சிவகாசியிலேயே இருந்தார்.