சொலமன் பேர்சன்

விஞ்ஞானம் கற்போரிற் பலர் நோபல் பரிசு பெற்ற றொசலின் யாலோ அம்மையாரை அறிவர். அவரோடு 22 ஆண்டுகள் ஒன்றாய் உழைத்த சொலமன் பேர்சனை அறிந்தோர் சிலரே. அக்குறை சிறிதேனும் நீங்கவேண்டும் என்னும் விருப்பினாலேயே அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பேர்சன் 1918ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரிற் பிறந்தவர். வயலினிலும் சதுரங்கத்திலும் வல்லவர். மருத்துவம் கற்க விழைந்த அவரை 21 கல்லூரிகள் ஏற்க மறுத்தன. எனினும் மனந்தளராது முயன்று, 1945இல் நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1950இல் புறொங்ஸ் நகர்ப்பகுதியிலுள்ள முன்னாட் படைவீரர் வைத்தியசாலையில் யாலோவுடன் இணைந்தார்.

தைரொயிட்டுச் சுரப்பி இரத்தத்திலிருந்து அயடீனை எவ்வளவு விரைவில் ஈர்க்கின்றது என்பதை இருவரும் கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் கொண்டு ஆராய்ந்தனர். பின்னர் அவ்வயடீனை இன்சுலினோடு பிணைத்து உடலிற் செலுத்தினர். முன்பு இன்சுலின் ஏற்றிக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கிற்று. பிறபொருளெதிரிகள் அதனைப் பற்றிக்கொண்டமையே காரணம் என்றனர். அத்துணைச் சிறிய புரதம் பிறபொருளெதிரியை உண்டாக்காது என்பதே அக்கால அறிஞர் கொள்கை. ஆதலால் கட்டுரை மறுக்கப்பட்டது. தலைப்பிலிருந்து அச்சொல்லை நீக்கிய பின்னரே 1956இல் வெளிவந்தது.

மறுக்கப்பட்ட அவ்வுண்மையே புதிய அளவைமுறைக்கு வித்தாயிற்று. அளவு தெரிந்த கதிர்த்தொழிற்பாட்டு ஓமோனையும் நோயாளரின் இரத்தத்திலுள்ள ஓமோனையும் ஒரு சில பிறபொருளெதிரிகளுக்காகப் போட்டியிடச் செய்தனர். இரத்தத்தில் ஓமோன் மிகுந்தால், பிணைக்கப்படும் கதிர்த்தொழிற்பாட்டு ஓமோன் குறையும்; அக்குறைவே அளவைக் காட்டும். பெருஞ்செல்வம் ஈட்டித் தரக்கூடிய இம்முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை. பேர்சனிடத்து நான் மிகவும் மதிப்பது இப்பண்பினையே.

1972 ஏப்ரலில், 53 வயதில், மாரடைப்பு அவரைக் கொண்டு சென்றது. 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. ஆயினும் யாலோ தம் ஆய்வுகூடத்துக்குப் பேர்சனின் பெயரையே சூட்டியிருந்தார். அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகள்தோறும் அப்பெயர் நின்றது.

இன்று தைரொயிட்டு ஓமோனை அளக்கும் ஆய்வுகூடங்களிற் பெரும்பாலானவை கதிர்த்தொழிற்பாட்டை விடுத்து இரசாயன ஒளிர்வைக் கையாளுகின்றன. அடையாளமாகப் பிணைத்த பொருள் இரசாயனத் தாக்கத்தால் கணப்பொழுது ஒளிரும். அவ்வொளியைக் கருவி அளக்கும். தைரொட்சின் அளவையில், ஓமோன் மிகுந்தால் ஒளி குறையும். கதிர் ஒளியாயிற்று, பேர்சனும் யாலோவும் வகுத்த நெறி மாறவில்லை.

பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த சில துளி இரத்தங்கொண்டு தைரொயிட்டுக் குறைபாட்டைக் கண்டறியும் வழக்கம் 1970களிற் கனடாவின் கியூபெக்கில் இந்நெறியைக் கொண்டே தொடங்கிற்று. உரிய காலத்தில் மருந்து பெறும் குழந்தை அறிவு வளர்ச்சி குன்றாது வளர்கின்றது. அத்தகைய பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும்பொழுது பேர்சனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியராகிய நம் கடன் என எண்ணுகிறேன்.