ஒரு தந்தையின் ஐந்தொகை

ஊரார் அனைவரும் உரிமை கொண்டாடும் ஒரு மனிதருக்குப் பிள்ளையாகப் பிறப்பது எளிதன்று. அவரிடம் தனக்கு ஒரு மனக்குறை இருந்ததாக மகனோ மகளோ எழுத முற்பட்டால், இறந்தவரைப் பழிக்கலாமா என்ற கேள்விதான் முதலில் எழும். எழுதாமல் விட்டாலோ, அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பது மாலை போட்ட படம் மட்டுமே.

என் நண்பர் ஒருவர் இந்த இக்கட்டில் சிக்கியிருக்கிறார். அவருடைய தந்தை எங்கள் பகுதியில் பலராலும் மதிக்கப்பட்டவர். வீட்டிலோ அணுக முடியாதவர். பணி ஓய்வுக்குப் பிறகு தந்தையைப் பற்றி எழுதத் தொடங்கிய நண்பர், நாற்பது பக்கங்களோடு நிறுத்திவிட்டார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று என்னிடம் கேட்டார். பொருளாதாரம் பயிற்றுவித்தவனிடம் கேட்கப்படும் கேள்வியன்று அது. ஆனாலும், எங்கள் செட்டிநாட்டிலேயே பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் அதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவர் கவியரசு கண்ணதாசன்.

காரைக்குடிக்கு அருகில் உள்ள சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24 அன்று சாத்தப்பன் - விசாலாட்சி ஆச்சி இணையருக்குப் பிறந்தவர் முத்தையா. சிறு வயதிலேயே பழனியப்பன் - சிகப்பி ஆச்சி இல்லத்துக்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டார். அங்கு அவர் பெயர் நாராயணன். அதற்காகக் கைமாறிய தொகை ரூ.7,000.

இதை இன்றைய கண்ணோடு பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. பிள்ளையில்லாத வீட்டில் வம்சமும் வணிகமும் தொடர நகரத்தார் கண்ட ஏற்பாடு சுவீகாரம். பெற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதும் வழக்கமாக இருந்ததுதான். ஆனால், அந்த ஏற்பாட்டின் நடுவில் நின்றது ஒரு குழந்தை. தனக்கு ஒரு தொகை குறிக்கப்பட்டதை அறிந்தே வளர்ந்த அந்தக் குழந்தை, பிற்காலத்தில் அதை மறைக்கவில்லை. பெற்ற தாய், வளர்த்த தாய் இருவரையும் தம் வரலாற்றில் ஏற்றுக்கொண்டார்.

அமராவதிபுதூர் பள்ளியில் எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு முடிந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பாக இருந்திருந்தால், பர்மாவிலோ மலேயாவிலோ ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்திருக்கக் கூடும். ஆனால், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தமும் 1942-இல் பர்மாவை ஜப்பானியப் படை கைப்பற்றியதும் அந்த வழியை அடைத்துவிட்டன. மறு ஆண்டு, 16 வயதில், சந்திரசேகரன் என்ற பெயரைச் சூடிக்கொண்டு வீட்டாருக்குத் தெரியாமல் சென்னைக்குப் புறப்பட்டார் அந்தச் சிறுவர்.

சென்னையில் பசியையும் வீதியையும் அறிந்துகொண்ட பிறகு, புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த 'திருமகள்' இதழில் 1944-இல் சேர்ந்தார். கண்ணதாசன் என்ற பெயர் அங்குதான் பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர், சுவீகார வீட்டின் பெயர், ஓடிப்போனபோது சூடிய பெயர் ஆகிய மூன்றையும் கடந்து, தாமே தேர்ந்துகொண்ட நான்காவது பெயரே நிலைத்தது.

1949-இல் 'கன்னியின் காதலி' படத்தின் வழியாகத் திரைப்பாடலுக்கு வந்தார். அதே ஆண்டில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்து, அண்ணாவைத் தலைவராக ஏற்றார். 1953-இல் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்றார். 1957 சட்டப்பேரவைத் தேர்தலில் சொந்தச் சீமையிலேயே, திருக்கோஷ்டியூர் தொகுதியில், போட்டியிட்டுத் தோற்றார். 1961 ஏப்ரலில் ஈ.வெ.கி. சம்பத்துடன் கழகத்தை விட்டு வெளியேறினார்.

அந்த முறிவு ஒரு கட்சி மாற்றம் மட்டுமன்று. கழகத் தொண்டர்கள் தங்களைத் தம்பிகள் என்று அழைத்துக்கொண்ட காலம் அது. இயக்கமே ஒரு குடும்பமாக இருந்தது. பெற்ற வீடு, வளர்த்த வீடு இரண்டையும் விட்டுவந்தவருக்கு அது மூன்றாவது வீடு. தம் மகன் ஒருவருக்கு அண்ணாதுரை என்று பெயர் வைத்தவர், அந்த வீட்டை விட்டும் வெளியேற நேர்ந்தது.

அதன் பிறகு அவர் எழுதியதுதான் 'வனவாசம்'. சென்னைக்கு ஓடிவந்த 1943 முதல் கழகத்தை விட்டு வெளியேறிய 1961 வரையிலான வாழ்க்கை அதில் இருக்கிறது. நூல் முழுவதும் தம்மை 'அவன்' என்றே குறிப்பிடுகிறார். குடி, பெண்கள், பொய், வறுமையில் செய்த சிறுமைகள் எதையும் அவர் மறைக்கவில்லை. பழைய தோழர்களைப் பற்றிக் கடுமையாகவும் எழுதினார். அவற்றில் எது நியாயம், எது கோபம் என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. ஆனால், மற்றவர்களைக் குறை கூறியதைவிடக் கூடுதலான பக்கங்களில் அவர் தம்மைத்தாமே விசாரணைக்கு உட்படுத்தினார். தமிழில் அதற்குமுன் வந்த தன்வரலாறுகளில் இவ்வளவு வெளிப்படையானது அரிது.

இதற்கு எங்கள் ஊர் மரபிலேயே ஒரு பெயர் உண்டு. நகரத்தார் தங்கள் வெளிநாட்டுக் கடைகளிலிருந்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை அனுப்புவார்கள். கடையின் வரவு, பற்று, கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாம் அதில் தெரிந்துவிடும். லாபத்தை மட்டும் காட்டும் ஐந்தொகையை எந்த முதலாளியும் நம்பமாட்டார். கண்ணதாசன் பணக்கணக்கு எழுதுவதில் தேர்ந்தவர் அல்லர். சொந்தமாகத் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) வெற்றி பெற்றது. மருது சகோதரர்களைப் பற்றிய 'சிவகங்கைச் சீமை' (1959) கைகொடுக்கவில்லை. கடன் அவரை நெடுங்காலம் துரத்தியது. பணத்துக்குச் சரியாகக் கணக்கு வைக்காத அந்த மனிதர், வாழ்க்கைக்கு மட்டும் செட்டிநாட்டு முறைப்படி பற்றையும் சேர்த்துக் கணக்கு எழுதினார்.

பிற்காலத்தில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதியபோதுகூட, வாழக் கூடாத முறையில் வாழ்ந்து பார்த்ததையே தம் தகுதியாக முன்வைத்தார். சாகித்திய அகாதெமி விருதும் (1980) அரசவைக் கவிஞர் பதவியும் அவரைத் தேடி வந்தன. எனினும், தாம் எழுதி வைத்த கணக்கை அவர் திருத்தவில்லை. 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் மறைந்தபோது அவருக்கு வயது 54.

அவருக்கு மூன்று மனைவியர், பிள்ளைகள் பலர். தமிழகமே சொந்தம் கொண்டாடிய ஒருவரை அந்தப் பிள்ளைகள் தந்தையாகப் பெற்றிருந்தனர். அவர்களில் சிலர் தந்தையைப் பற்றி எழுதியும் பேசியும் வருகின்றனர். அவருடைய நூல்களைப் பதிப்பித்து வருபவரும் மகன் காந்தி கண்ணதாசனே. தந்தையின் பெருமையைச் சொல்லும் நூலோடு, தந்தையின் பிழைகளைச் சொல்லும் நூலையும் மகனே அச்சிட்டு விற்கிறார். நான் அறிந்தவரை இது உலகில் அதிகம் காணக் கிடைக்காத காட்சி.

பிற நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். ஆங்கில எழுத்தாளர் எட்மண்ட் காஸ், சமயப் பற்று மிகுந்த அறிவியலாளரான தம் தந்தையுடன் கொண்ட போராட்டத்தை 1907-இல் நூலாக்கியபோது, முதலில் தம் பெயரையே போடவில்லை. காஃப்கா 1919-இல் தந்தைக்கு எழுதிய நெடுங்கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த மகன்கள் மறைவாகவும் அச்சத்தோடும் திறக்க வேண்டியிருந்த கதவைக் கண்ணதாசன் தம் பிள்ளைகளுக்காகத் தாமே திறந்து வைத்துவிட்டார். தந்தையின் குறையைச் சொல்வது அங்கே துரோகம் ஆகாது. அவரே முன்னதாகச் சொல்லிவிட்டார்.

ஆனால், இந்தக் கணக்கிலும் ஒரு பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது. ஒருவர் தம் தவறுகளை எவ்வளவு துணிவாகச் சொன்னாலும், அவற்றுக்கு விலை கொடுத்தவர்களின் நிலையில் நின்று அவரால் எழுத இயலாது. கடன்காரர் வந்து நின்ற நாளில் வீட்டில் உலை வைத்தவர் யார், நள்ளிரவில் கதவைத் திறந்தவர் யார், இல்லங்கள் பிரிந்திருந்தபோது பிள்ளைகளுக்கு என்ன சொல்லி உறங்க வைத்தார்கள் என்பன தந்தையின் பேரேட்டில் ஏறாத செலவுகள். பாவத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு கவர்ச்சி உண்டு. ஒப்புக்கொண்டவரின் துணிவை நாம் பாராட்டுகிறோம். பாதிக்கப்பட்டவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். அந்தப் பக்கத்தை எழுதக்கூடியவர்கள் பிள்ளைகள் மட்டுமே.

என் நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய அப்பச்சி ஐந்தொகை எழுதி வைக்காமல் போய்விட்டார். எனவே வரவு, பற்று இரண்டையும் மகன்தான் எழுத வேண்டும். தந்தையால் ஊர் பெற்றதைக் குறைக்காமலும், அதற்காக வீடு கொடுத்ததை மறைக்காமலும் எழுத வேண்டும். ஆத்தா பட்டதை எழுதாமல் அப்பச்சியின் வரலாறு நிறைவு பெறாது. தீர்ப்பை எழுத வேண்டிய அவசியமில்லை. கணக்கு சரியாக இருந்தால் போதும்.

காரைக்குடியில் கண்ணதாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அங்கே செல்பவர்கள் கவிஞரை வணங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களில் பலர் 'வனவாச'த்தையும் படித்தவர்கள். படித்ததனால் யாரும் அவரை வெறுத்துவிடவில்லை. இதை நினைவில் கொண்டு என் நண்பர் நாற்பத்தோராம் பக்கத்தைத் தொடங்குவார் என்று எதிர்பார்க்கிறேன்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).