கால் நூற்றாண்டு டைரி எழுதிய புதுச்சேரி துபாஷி: ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஏன் விட்டுப்போகவில்லை?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே வந்தால், தமிழ்நாட்டுப் பக்கம் கடைசியாக வரும் ஊர் கோட்டக்குப்பம். அதை விட்டால் முத்தியால்பேட்டை, அப்புறம் புதுச்சேரி டவுன்தான். கோட்டக்குப்பத்துக்காரர்கள் பலர் வேலைக்கும் கடைக்கும் தினமும் எல்லை தாண்டிப் போகிறார்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெரு, பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதி.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் செய்த ஒரு வேலையை நம்மில் பலர் ஜனவரி 1-ம் தேதி ஆரம்பித்து, பொங்கலுக்குள் கைவிட்டுவிடுகிறோம். டைரி எழுதுவதைத்தான் சொல்கிறோம். முதல் பத்து பக்கம் மணியாக இருக்கும். அப்புறம் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் கணக்கு.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6-ம் தேதி எழுதத் தொடங்கியவர், சாகும் வரை நிறுத்தவில்லை. கடைசிக் குறிப்புகள் 1761 ஜனவரியைச் சேர்ந்தவை. நடுவில் பல பகுதிகள் காணாமல் போய்விட்டன. அப்படியும் கிடைத்ததை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது 12 தொகுதிகள் வந்தன.

எப்படி முடிந்தது? மன உறுதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் வேறு இடத்தில் இருப்பது போலத் தெரிகிறது.

யார் இவர்?

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அப்பாவின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். ஆனால் வேலை வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. கவர்னருக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நவாப் தர்பாருக்கும் நடுவில் நிற்கிற ஆள். துணி வாங்குவது, கடன் பேசுவது, பஞ்சாயத்து முடிப்பது எல்லாம் அவர் வழியாகத்தான். பணமும் உண்டு, பகையும் உண்டு.

மாமாவுக்கு நடந்தது

ரங்கப் பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும்போது, 1716-ல், நைனியப்பப் பிள்ளையை கவர்னர் எபேர் கைது செய்தார். கலகம் மூட்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வழக்கு. துபாஷி பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரியார்கள் கொடுத்து வந்த நெருக்கடியும் பின்னணியில் இருந்தது.

வழக்கு நடந்த விதம்தான் முக்கியம். சாட்சிகள் தமிழில் பேசினார்கள். அது போர்த்துகீசியத்துக்கு மாறி, கடைசியில் பிரெஞ்சில் எழுதப்பட்டது. தங்களால் படிக்க முடியாத காகிதத்தில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். நைனியப்பருக்குச் சவுக்கடி, சிறை, சொத்துப் பறிமுதல். அடுத்த ஆண்டே சிறையில் இறந்துபோனார்.

அவர் மகன் குருவப்பா பிரான்ஸ் வரை போனார். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, குடும்பத்தின் பெயர் மீண்டது. மாமாவைச் சிறையில் தள்ளியதும் காகிதம், பெயரை மீட்டதும் காகிதம்.

இதனால்தான் டைரி எழுத ஆரம்பித்தேன் என்று ரங்கப் பிள்ளை எங்கும் சொல்லவில்லை. இது நாம் சேர்த்துப் பார்ப்பதுதான். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன், யார் எப்போது என்ன பேசினார் என்பதைத் தன் கையால், தன் மொழியில் எழுதி வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

டைரியில் என்ன இருக்கிறது?

ஆரம்பத்தில் சாதாரண வியாபாரியின் குறிப்புதான். எந்தக் கப்பல் வந்தது, எது கிளம்பியது, சரக்கு என்ன, காதில் விழுந்த செய்தி என்ன. தமிழ் மாதமும் கிழமையும் போட்டு, கூடவே ஐரோப்பியத் தேதியும் எழுதுவார். நடை கிட்டத்தட்ட பேச்சுத் தமிழ். பிரெஞ்சு, போர்த்துகீசிய, பாரசீக வார்த்தைகள் தாராளமாகக் கலந்திருக்கும்.

1742-ல் டூப்ளே கவர்னராக வந்த பிறகு டைரியின் நிறமே மாறுகிறது. 1746-ல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தார். அடுத்து ரங்கப் பிள்ளைதான் என்று பேச்சு. ஆனால் பதவி உடனே உறுதியாகவில்லை. மாமா காலத்து அதே மத நெருக்கடி இவருக்கும் வந்தது. போதாததற்கு டூப்ளேயின் மனைவி ழானின் தலையீடு. யார் யாருக்குப் பணம் போனது, யார் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டுப் பின்னால் கோள் சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

கவர்னர் முன்னால் துபாஷி எதிர்த்துப் பேச முடியாது. 1748-ல், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நகரத்தில் பெரிய செல்வாக்குள்ள மனிதர் இவர். தடுக்க முடியவில்லை. யார் சேர்ந்து செய்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று விவரமாக எழுதி வைத்தார். பழியைப் பெரும்பாலும் மற்றவர்கள் மேல்தான் போடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பகலெல்லாம் அடுத்தவர்களின் வார்த்தையை மொழிபெயர்த்த ஆள் தன் வார்த்தையைச் சொல்ல இருந்த ஒரே இடம் அந்த நோட்டுதான். இந்தத் தேவை பத்து நாளில் தீர்ந்துபோகிற மாதிரியானது இல்லை.

டைரி அவரை மாற்றியதா?

இன்றைக்கு டைரி எழுதச் சொல்கிறவர்கள், எழுதினால் மனசு தெளியும், ஆளே மாறிவிடுவோம் என்கிறார்கள். ரங்கப் பிள்ளை விஷயத்தில் அப்படிப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கடைசி வரை ஜோசியம் பார்த்தார், நல்ல நேரம் கணித்தார், தன்னைத் தானே புகழ்ந்துகொண்டார், பழைய கோபங்களை மறக்கவே இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியதை அந்த நோட்டு கொடுத்தது: நடந்ததற்கு ஒரு கணக்கு.

1754-ல் டூப்ளே பிரான்ஸுக்குத் திரும்பினார். அதன்பின் பிள்ளையின் செல்வாக்கு சரிந்தது. 1756-ல் பதவியும் போனது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பதவி இல்லை, கேட்க ஆளில்லை, ஆனாலும் டைரி நிற்கவில்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அவர் இறந்ததும் அதே மாதத்தில்தான்.

பிறகு என்ன ஆனது?

அந்தப் பழக்கம் அவரோடு முடியவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். நோட்டுகளை வெளியாட்கள் யாரும் பார்க்கவில்லை. 1846-ல்தான் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டுபிடித்துப் படியெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்டது தமிழில் அச்சாக அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரபஞ்சன் இதை வைத்துத்தான் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது.

பிள்ளையின் மாளிகை அதே ரங்கப்பிள்ளை வீதியில் இன்னும் இருக்கிறது. கீழே இந்திய பாணி, மாடியில் பிரெஞ்சுத் தூண்கள். மார்க்கெட் கூட்டத்தில் பலர் நிமிர்ந்து பார்க்காமலே கடந்து போய்விடுகிறார்கள்.